மவுண்ட் மொரையாவின் வாயிற்கட்டடம்: இடிப்பதா, முட்டுக் கொடுப்பதா, திரும்பக் கட்டுவதா?

அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில், தென்மேற்கு ஓரத்தில், கிங்செஸ்ஸிங் அவென்யூவை ஒட்டி ஒரு பழுப்புக் கல் வாயில் நிற்கிறது. பழைய நார்மன் கோட்டைகளின் சாயல் கொண்டது. நடுவில் வண்டி போகும் வளைவு. 1855இல் தொடங்கிய மவுண்ட் மொரையா கல்லறைத் தோட்டத்துக்காக ஸ்டீஃபன் டெகேட்டர் பட்டன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. கூரை போய்விட்டது. பின்பக்கம் சிதைந்து செடியும் கொடியும் ஏறிவிட்டன. தெருவைப் பார்த்த முகப்புதான் இன்னும் கட்டடம் என்று சொல்லும்படி மிஞ்சியிருக்கிறது. அதன் உச்சியில் ஒரு காலத்தில் நின்ற காலக்கிழவர் (காலத்தை ஒரு முதியவராகக் காட்டும் உருவம்) சிலை இப்போது தோட்டத்துக்குள்ளே ஒரு கல்லறை மேல் இருக்கிறது.

இதை என்ன செய்வது? இடித்துவிடலாம். கல் கல்லாகப் பிரித்து எடுத்து வைக்கலாம். நிற்பதை நிற்கிறபடியே உறுதிப்படுத்தலாம். பழையபடி கூரை போட்டு, அறை கட்டி, ஆள் புழங்கும் கட்டடமாக்கலாம். நான்குக்கும் நியாயம் சொல்ல ஆள் உண்டு. இவற்றை எடைபோட நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: வேலை முடிந்து பத்து வருடம் கழித்து, சுவரின் தலையில் முளைத்த செடியைப் பிடுங்கப் போகிறவர் யார்? இந்தக் கட்டடம் இந்த நிலைக்கு வந்ததே அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லாமல் போனதால்தான்.

எப்படி அநாதையானது

மவுண்ட் மொரையாவைத் தாக்கியது போரோ வெள்ளமோ அல்ல. சட்டப்படி அதை நடத்தி வந்தது ஒரு சங்கம். ஆண்டுகள் போகப் போக அதன் உறுப்பினர்கள் குறைந்தார்கள். கடைசியாக அறியப்பட்ட உறுப்பினர் 2004இல் காலமானார். அதன் பிறகும் சில வருடங்கள் அலுவலகம் எப்படியோ இயங்கியது. 2011இல் ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டார்கள். சுமார் 200 ஏக்கர் நிலம், அதில் பல்லாயிரக்கணக்கான கல்லறைகள். சட்டம் கைகாட்டக்கூடிய உரிமையாளர் ஒருவரும் இல்லை. புதைக்க இடம் வாங்கி வைத்திருந்த குடும்பங்களுக்கு யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியவில்லை.

நிலமும் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நடுவே காப்ஸ் கிரீக் என்ற ஓடை. இந்தக் கரை பிலடெல்ஃபியா, அந்தக் கரை யேடன் என்ற தனி ஊராட்சி, அதுவும் வேறு மாவட்டத்தில். ஆகவே அரசு தரப்பில் பொறுப்பேற்பது என்றாலும் இரண்டு நிர்வாகங்கள் ஒத்துப்போக வேண்டும்.

கதவு சாத்திய அதே 2011இல் அக்கம்பக்கத்து மக்களும் புதைந்தவர்களின் வழித்தோன்றல்களும் சேர்ந்து 'மவுண்ட் மொரையா நண்பர்கள்' என்ற தன்னார்வக் குழுவைத் தொடங்கினார்கள். புதரை வெட்டினார்கள், மரத்தை அறுத்தார்கள், கொட்டிக் கிடந்த டயர்களையும் குப்பையையும் அள்ளினார்கள். 2014இல் நீதிமன்றம் இதற்கென அமைந்த ஒரு பாதுகாப்புக் கழகத்தை ரிசீவராக நியமித்தது. ரிசீவர் பொறுப்பாளர்தான், உரிமையாளர் அல்ல. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே தோட்டத்துக்குள் இன்னொரு காட்சியும் உண்டு. கடற்படையினரைப் புதைத்த பகுதியும், உள்நாட்டுப் போரில் இறந்த சிப்பாய்களின் பகுதியும் அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் துறையின் பராமரிப்பில் இருக்கின்றன. அங்கே புல் வெட்டப்பட்டிருக்கும். வெள்ளைக் கற்கள் வரிசை பிசகாமல் நிற்கும். எல்லைக்கு வெளியே காடு. இரண்டு பக்கமும் ஒரே மண், ஒரே மழை. ஒரு பக்கத்துக்கு மட்டும் வருடா வருடம் பணமும் ஆளும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. வாயிற்கட்டடத்தைப் பற்றி எழுதப்படும் எந்தத் திட்டத்தையும் இந்த எல்லைக்கோட்டருகே நின்று படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஏன் காப்பாற்ற வேண்டும்

பட்டன் சாதாரணமானவர் அல்ல. அலபாமா மாநிலத்துக்கு மான்ட்கமரியில் சட்டமன்றக் கட்டடம் வடிவமைத்தவர். அது 1849இல் எரிந்துபோனது. பிலடெல்ஃபியாவின் பழைய வணிகத் தெருக்களிலும் கேப் மே கடற்கரை ஊரிலும் அவர் வேலைகள் உண்டு. ஆனால் கலைஞரின் பெயருக்காக மட்டும் இந்த வாயிலைக் காப்பாற்றச் சொன்னால் நான் அவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன்.

அமெரிக்கக் கொடியின் கதையோடு இணைத்துப் பேசப்படும் பெட்ஸி ராஸின் எச்சங்கள் 1856இல் இங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டன. 1975இல், நாட்டின் இருநூறாவது ஆண்டு விழாவை ஒட்டி, நகர மையத்தில் உள்ள அவர் பெயரிலான வீட்டு முற்றத்துக்கு மாற்றிவிட்டார்கள். சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் பெயர் அதோடு போய்விட்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது ஹென்றி ஜோன்ஸ் என்ற மனிதரின் கதை. கறுப்பினத்தவர், விருந்துச் சமையல் தொழிலில் பெயரெடுத்தவர். மவுண்ட் மொரையாவில் முறையாகப் பணம் கட்டி இடம் வாங்கியிருந்தார். 1875இல் அவர் இறந்தபோது, கறுப்பர் என்பதால் உள்ளே புதைக்க நிர்வாகம் மறுத்துவிட்டது. வழக்கு பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் வரை போனது. 1876இல் தீர்ப்பு அவர் தரப்புக்குச் சாதகமாக வந்தது. பணம் வாங்கிக்கொண்டு இடம் விற்ற சங்கம் நிறத்தைக் காட்டித் தடுக்க முடியாது என்று ஆனது. இன்று இந்தத் தோட்டத்தைச் சுற்றியுள்ள கிங்செஸ்ஸிங்கிலும் யேடனிலும் பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள். ஒரு காலத்தில் அவர்களில் ஒருவரின் உடலுக்கு இடம் தர மறுத்த தோட்டத்தின் வாசல், இன்று அவர்கள் தெருவில் நிற்கிறது. அதை என்ன செய்வது என்பதில் அவர்கள் சொல்லுக்கு மற்ற எவர் சொல்லையும்விட எடை இருக்க வேண்டும்.

கல்லின் நோய்

வழிகளை ஒப்பிடுமுன் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் காலக்கெடு விதிப்பது அதுதான். பழுப்புக் கல் என்பது இரும்புச் சத்தால் நிறமேறிய மணற்கல். ஆற்று மணல் படிவு படிவாக இறுகி உருவானது. குவாரியில் கிடந்தபடியே படுக்கைவாக்கில் வைத்துக் கட்டினால் நெடுங்காலம் நிற்கும். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பல இடங்களில் அழகுக்காகவும் சிக்கனத்துக்காகவும் படிவுகள் செங்குத்தாக இருக்கும்படி திருப்பி வைத்தார்கள். அப்படி வைத்த கல்லில் படிவுகளுக்கிடையே தண்ணீர் இறங்கும். பிலடெல்ஃபியா குளிர்காலத்தில் ஒரே வாரத்திலேயே உறைவதும் உருகுவதும் மாறி மாறி நடக்கும். உறைந்த தண்ணீர் விரிந்து, முன்படிவை வெங்காயச் சருகுபோல உரித்துத் தள்ளிவிடும்.

கூரை இருந்தவரை சுவரின் தலை நனையாது. கூரை போன பிறகு மழை நேரே சுவரின் உள்வயிற்றுக்குள் போகிறது. பழைய சுண்ணாம்புக் காரை கரைகிறது, அந்த இடுக்கில் விதை விழுகிறது, வேர் கல்லை நெம்புகிறது. நல்லெண்ணத்தோடு யாராவது அந்த இடுக்குகளில் சிமெண்ட் பூசினால் இன்னும் கேடு. சிமெண்ட் கல்லைவிடக் கடினமானது, ஈரத்தை வெளியே விடாது. ஈரம் கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். காரை பிழைத்துக் கல் உதிரும். ஆகவே முடிவெடுக்காமல் தள்ளிப்போடும் ஒவ்வொரு குளிர்காலமும் இடிக்கும் தரப்புக்கு ஒரு வாக்கு.

இடிப்பது

மலிவானது. சுவர் யார் தலையிலும் விழுமோ என்ற பயம் தீரும். ஒரு கம்பி வேலியும் இரும்புக் கதவும் போட்டால் வழி திறக்கும். பணமெல்லாம் புல் வெட்டவும் சாய்ந்த கல்லறைக் கற்களை நிமிர்த்தவும் போகும். இந்த வாதத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். தாத்தாவின் கல்லறையைப் புதருக்குள் தேடி அலைந்த ஒருவருக்கு வாயில் வளைவைவிடப் புல் வெட்டும் இயந்திரம் அவசியமாகத் தெரிவது இயல்பு.

இருந்தும் பிலடெல்ஃபியாவுக்கு இதில் ஒரு பழைய காயம் உண்டு. நகரின் வடக்கே மானுமென்ட் கல்லறைத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. 1956இல் டெம்பிள் பல்கலைக்கழகம் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. சுமார் 28,000 உடல்கள் நகருக்கு வெளியே உள்ள வேறு தோட்டத்துக்கு மாற்றப்பட்டன. உரிமை கோர ஆள் வராதவர்களின் கல்லறைக் கற்கள் டெலவேர் ஆற்றங்கரையில் கொட்டப்பட்டன. பெட்ஸி ராஸ் பாலத்தருகே தண்ணீர் வடியும்போது அவை இன்றும் வெளியே தெரிகின்றன. வாயிலை இடிப்பதும் தோட்டத்தையே அழிப்பதும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் உரிமையாளர் இல்லாத 200 ஏக்கர் நிலத்தில், இது கல்லறைத் தோட்டம் என்று தெருவுக்குச் சொல்லும் ஒரே பெரிய அடையாளத்தை நாமே எடுத்துவிட்டால், அடுத்த கோரிக்கைக்கு எதிர்ப்பு பாதியாகிவிடும். இடித்ததைத் திரும்பப் பெறவும் முடியாது. மற்ற மூன்று வழிகளிலும் பின்னால் மனம் மாற இடம் இருக்கிறது.

பிரித்து எடுத்து வைப்பது

ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, வரைபடம் எழுதி, பிரித்து, பத்திரமான இடத்தில் வைத்து, பணம் வந்ததும் திரும்ப அடுக்குவது. காகிதத்தில் இதுதான் மிகவும் புத்திசாலித்தனமான வழியாகத் தெரியும்.

இதற்கு ஒரு வெற்றிக் கதையும் ஒரு தோல்விக் கதையும் உண்டு. லண்டனின் டெம்பிள் பார் வாயிலை 1878இல் கிட்டத்தட்ட 2,700 கற்களாகப் பிரித்தார்கள். மது ஆலை வைத்திருந்த பணக்காரக் குடும்பம் ஒன்று அவற்றை வாங்கி, தியோபால்ட்ஸ் பார்க் என்ற தங்கள் தோட்டத்தில் நிறுத்திக்கொண்டது. 2004இல் வாயில் லண்டனுக்கே திரும்பி, புனித பவுல் பேராலயத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. நியூயார்க்கில் நடந்தது வேறு. ஜேம்ஸ் போகார்டஸ் 1849இல் எழுப்பிய வார்ப்பிரும்பு முகப்புக் கடைகளை 1971இல் பாகம் பாகமாகக் கழற்றி, வேறிடத்தில் பொருத்துவதற்காக வேலி போட்ட மனையில் வைத்தார்கள். 1974இல் பெரும்பகுதியைத் திருடர்கள் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். மிஞ்சியதும் பின்னால் காணாமல் போனது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்காணிப்பு. முதலாவதில் பொருளைத் தன் சொத்தாகக் கருதிய ஒருவர் இருந்தார். மவுண்ட் மொரையாவில் அப்படி ஒருவர் இல்லை. மேலும், படிவு பெயர்ந்துகொண்டிருக்கும் மணற்கல்லைப் பிரித்தெடுத்தால் எத்தனை கல் முழுசாக வரும் என்பதே சந்தேகம். இந்த வழியை நான் முதலிலேயே ஒதுக்கிவிடுவேன். ஒரு விதிவிலக்கு உண்டு: கீழே விழுந்துவிட்ட செதுக்குக் கற்களை இப்போதே பொறுக்கி, குறித்து, பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும்.

திரும்பக் கட்டுவது

மனம் விரும்புவது இதைத்தான். வளைவுக்கு மேலே கூரை, இரு பக்கமும் அறைகள், ஒன்றில் நண்பர்கள் குழுவின் அலுவலகம், இன்னொன்றில் வம்சாவளி தேடி வருகிறவர்களுக்கான பதிவேடுகள். அதே நகரில் லாரல் ஹில் இருக்கிறது. 1836இல் தொடங்கிய அந்தத் தோட்டத்தின் வாயிற்கட்டடம் ஜான் நாட்மன் வடிவமைத்தது. தூண்கள் வரிசையாக, வெள்ளை வெளேரென்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவருக்கு ஆதங்கம் வரத்தான் செய்யும்.

ஆனால் லாரல் ஹில்லில் நிர்வாகம் ஒரு நாளும் அற்றுப்போகவில்லை. அங்கே இன்றும் புதைக்கிறார்கள், இடம் விற்கிறார்கள், வருமானம் வருகிறது. வாஷிங்டனில் உள்ள காங்கிரஷனல் கல்லறைத் தோட்டம் 1997இல் நாட்டின் அழிவாபத்தில் உள்ள வரலாற்று இடங்களின் பட்டியலில் இருந்தது. அதைத் தூக்கி நிறுத்தியதில் நாய்களை உலவவிடும் அக்கம்பக்கத்தாருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள், அந்தப் பணம் பராமரிப்புக்குப் போகிறது, தினமும் ஆள் நடமாட்டம் இருப்பதால் களவும் சேதமும் குறைந்தன. அங்கே முதலில் வந்தது மக்களின் புழக்கமும் அதனால் வரும் நிலையான வரவும்.

மவுண்ட் மொரையாவில் அந்த வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும்? கூரை போட்டால் மழைநீர்க் குழாய் வேண்டும், அதை இலையுதிர்காலம் தோறும் தூர்வார வேண்டும். அறை இருந்தால் வெப்பமூட்டல், மின்சாரம், காப்பீடு, காவல். பூட்டிக் கிடக்கும் புதிய அறை, திறந்து கிடக்கும் பழைய சுவரைவிட வேகமாகத் தீவைப்புக்கும் களவுக்கும் ஆளாகும். வரிச் சலுகையும் உதவாது. வரலாற்றுக் கட்டடங்களைப் புதுப்பிப்பவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் 20 சதவீத வரிக்கழிவு, வருமானம் ஈட்டும் கட்டடங்களுக்கு மட்டும்தான். தன்னார்வக் குழுவின் அலுவலகத்துக்கு அது பொருந்தாது. தனியாருக்கு விற்று உணவகமோ வீடோ ஆக்கலாம் என்றால், விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட உரிமையாளர் வேண்டுமே.

கல்லும் கிடைப்பது அரிது. கிழக்குக் கரை நகரங்களுக்குப் பழுப்புக் கல் அனுப்பிய புகழ்பெற்ற கனெக்டிகட் போர்ட்லாண்ட் குவாரி 2012இல் மூடப்பட்டது. வேறு மணற்கல்லோ நிறம் சேர்த்த வார்ப்புக் கல்லோதான் வைக்க வேண்டியிருக்கும். அமெரிக்க உள்துறையின் வரலாற்றுக் கட்டட நெறிமுறைகள் நான்கு வகைச் சிகிச்சையைப் பிரித்துச் சொல்கின்றன: உள்ளதைப் பேணுதல், புதிய பயனுக்கு ஏற்பச் சீரமைத்தல், குறிப்பிட்ட ஒரு காலத்து நிலைக்கு மீட்டல், இல்லாததைத் திரும்ப எழுப்புதல். பின்புறத்தைப் பொறுத்தவரை இங்கே நடப்பது நான்காவதாகத்தான் இருக்கும். அதற்கு அந்நெறிமுறைகள் கேட்கும் சான்றும் அதிகம்: பழைய வரைபடம், படம், அளவு. ஊகத்தில் கட்டக் கூடாது.

நிற்பதை நிற்கவைப்பது

கூரை இல்லாத இடிபாடாகவே ஏற்றுக்கொண்டு, அது மேலும் இடியாமல் பார்ப்பது. நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் தீவில் ஜேம்ஸ் ரென்விக் வடிவமைத்த பெரியம்மை மருத்துவமனை 1856இல் திறந்தது, நம் வாயிலுக்கு ஏறக்குறைய சம வயது. கைவிடப்பட்டுக் கூரை போனது. 1976இல் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது, இரவில் விளக்கொளியும் பாய்ச்சியது. சுவர்களைப் போதுமான அளவு பலப்படுத்தவில்லை. 2007 டிசம்பரில் வடக்குப் பகுதி சரிந்தது. அதன் பிறகுதான் 45 லட்சம் டாலர் செலவில் முட்டுக் கொடுத்து உறுதிப்படுத்தினார்கள். 'பாதுகாக்கப்பட்டது' என்ற பலகை சுவரைத் தாங்காது என்பதற்கும், கூரையற்ற இடிபாட்டையும் முறையாக நிறுத்த முடியும் என்பதற்கும் இந்த ஒரே கட்டடம் சாட்சி.

மவுண்ட் மொரையாவில் இதைச் செய்வதென்றால் வேலை இப்படிப் போகும். முதலில் சுவரை அளந்து, சாய்வைக் கண்காணிக்க அளவுக் குறிகள் பொருத்துவது. செடிகளை வேரோடு பிடுங்காமல், தரையளவில் வெட்டி, வேர் அங்கேயே சாகவிடுவது. இழுத்தால் கல்லும் கூட வரும். முகப்புக்குப் பின்னால் தெருவிலிருந்து தெரியாதபடி இரும்புச் சட்டம் நிறுத்தி, சுவரை அதில் பிணைப்பது. கல்லறைத் தோட்டம் என்பதால் அதன் அடித்தளத்துக்குத் தோண்டுமுன் தொல்லியல் சோதனை நடத்தியாக வேண்டும். பிறகு சுவரின் தலைக்கு மூடி, அது தண்ணீரை வெளிப்பக்கமாக வழியவிடும்படி. இடுக்குகளுக்குச் சுண்ணாம்புக் காரை. தொங்கும் கற்களைத் துருப்பிடிக்காத ஊசிகளால் இறுக்குவது. உரிந்துபோன முகங்களை அப்படியே விட்டுவிடுவது.

குறையும் சொல்ல வேண்டும். பல லட்சம் டாலர் செலவழித்த பிறகும் பார்க்க இடிந்த கட்டடமாகவே இருக்கும். நன்கொடை தந்தவருக்குத் திறப்பு விழாவில் காட்ட ஒன்றும் இருக்காது. இரும்புச் சட்டம் நல்ல அழகல்ல. ஏற்கெனவே புறக்கணிக்கப்பட்ட ஒரு பகுதியின் மக்களிடம் போய் "உங்களுக்கு இடிபாடு போதும்" என்று சொல்வதாகவும் இது ஒலிக்கலாம், நான்கு வழிகளிலும் எனக்கு மிகவும் உறுத்தும் ஆட்சேபம் இதுதான்.

அப்படியும் நான் இதையே தேர்ந்தெடுப்பேன், ஒரு நிபந்தனையோடு: வளைவு திறக்க வேண்டும். கம்பிவேலிக்குப் பின்னால் காட்சிப்பொருளாக நிற்கும் வாயில் வேண்டாம். அருகிலேயே மவுண்ட் மொரையா பெயரில் டிராம் திரும்பும் இடம் இருக்கிறது. டிராமிலிருந்து இறங்குகிற பாட்டியும் பேரனும் அந்த வளைவின் கீழாக நடந்து உள்ளே போக முடிய வேண்டும். அதற்கேற்ற பாதுகாப்புடன் பொறியாளர் இரும்புச் சட்டத்தை வடிவமைக்க வேண்டும். உள்ளே போனதும் ஹென்றி ஜோன்ஸ் வழக்கைச் சொல்லும் பலகை ஒன்று இருக்க வேண்டும். அதில் என்ன எழுதுவது என்பதைக் கிங்செஸ்ஸிங், யேடன் மக்கள் தீர்மானிக்கட்டும்.

இந்த வழியின் பெரிய பலம், அது அடுத்த வழியை மூடிவிடுவதில்லை. பின்னாளில் பணமும் நிர்வாகமும் திரண்டால் அதே இரும்புச் சட்டத்தைத் தாங்கலாகக் கொண்டு பின்னால் அறைகள் எழுப்பலாம். அலுவலகம் இப்போதே வேண்டுமென்றால் அதற்கு வாயிலைத் தொடத் தேவையில்லை, உள்ளே எளிய தனிக் கட்டடம் ஒன்று போதும்.

பராமரிப்புக்கான ஏற்பாடு வேலை ஒப்பந்தத்துக்கு முன்னாலேயே கையெழுத்தாக வேண்டும். திரட்டும் தொகையில் ஒரு பங்கை முதலீடாக ஒதுக்கி, அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒருமுறை ஏணி போட்டு ஏறிப் பார்க்கும் செலவும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை பொறியாளர் அறிக்கையும் அடங்க வேண்டும். பிலடெல்ஃபியா நகராட்சியும் யேடன் ஊராட்சியும் ரிசீவர் கழகமும் அந்தப் பத்திரத்தில் பெயர் போட வேண்டும். ரிசீவர் நியமனம் முடிவுக்கு வந்தால் பொறுப்பு யாருக்கு மாறும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பத்திரம் தயாராகும்வரை காத்திருக்கக் கூடாத வேலைகள் மூன்று: தற்காலிகச் சாரம், சுவரின் தலைக்குத் தார்ப்பாய் மூடி, விழுந்த கற்களைச் சேகரிப்பது. அடுத்த பனிக்காலத்துக்கு முன் இவை மூன்றும் முடிந்தாக வேண்டும்.